கர்ப்பகாலத்தில் சிபிலிஸ்: தாய்மார்கள் கேட்கும் கேள்விகள், கேட்கத் தயங்கும் கேள்விகள்

கர்ப்பம் உறுதியானதும் எடுக்கும் முதல் ரத்தப் பரிசோதனைத் தாளில் ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை என்று ஒரு பட்டியல் இருக்கும். அதன் நடுவே வி.டி.ஆர்.எல். என்றோ ஆர்.பி.ஆர். என்றோ ஒரு வரியும் இருக்கும். அது சிபிலிஸ் நோய்க்கான பரிசோதனை. எதற்கு என்று கேட்பவர்கள் குறைவு. அந்த வரிக்கு எதிரே 'ரியாக்டிவ்', அதாவது எதிர்வினை இருக்கிறது, என்று வந்த பிறகுதான் கேள்விகள் எழும், அதுவும் குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு. அப்படிக் கேட்கப்படும் கேள்விகளையும், வாய்வரை வந்து விழுங்கப்படும் கேள்விகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எந்த மருந்து, எத்தனை முறை என்பதை உங்களைப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் பேசும்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்குப் புரிய வேண்டும், அதற்காகத்தான் இது.

சிபிலிஸ் என்றால் என்ன? பிறவி சிபிலிஸ் என்றால்?

சிபிலிஸ் ஒரு பாக்டீரியா தொற்று. கிருமியின் பெயர் ட்ரெபோனிமா பல்லிடம். சுருள் கம்பி போல வளைந்து, சாதாரண நுண்ணோக்கியில் கண்ணுக்குச் சிக்காத அளவு மெல்லியது. 1905-ல்தான் ஷாடின், ஹாஃப்மன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். பெரியவர்களுக்கு இது முக்கியமாக உடலுறவு மூலம் பரவும். தாய்க்குத் தொற்று இருந்தால் அவளுடைய ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போய்விடும். அப்படிக் குழந்தைக்கு வருவதுதான் பிறவி சிபிலிஸ்.

தமிழில் மேகநோய், பறங்கிப்புண், கிரந்தி என்றெல்லாம் இதற்குப் பழைய பெயர்கள் உண்டு. இதில் 'கிரந்தி' என்ற சொல் கொஞ்சம் குழப்பும். கைக்குழந்தைக்குத் தோலில் வரும் சாதாரணத் தடிப்புகளையும் அதே பெயரில் சொல்வார்கள். குழந்தைக்குக் கிரந்தி என்று யாராவது சொன்னால் அது சிபிலிஸ் என்று பயந்துவிட வேண்டாம். அதே நேரம், 'கிரந்திதானே' என்று எல்லாத் தடிப்பையும் ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

'பிறவி' என்றால் பரம்பரை நோயா?

இல்லை. இது மரபணுவில் வருவதில்லை. தாத்தா பாட்டிக்கு இருந்தது என்பதால் பேரக்குழந்தைக்கு வராது. கர்ப்பத்தில் தாயின் உடலில் உயிருள்ள கிருமி இருந்தால் மட்டுமே குழந்தைக்குப் போகும். கிருமியை மருந்தால் ஒழித்துவிட்டால் போவதற்கு ஒன்றும் இல்லை. 'பிறவி' என்ற சொல்லைக் கேட்டதும் 'விதி' என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் பெரிய வருத்தம், ஏனென்றால் பிறவிக் கோளாறுகளிலேயே இவ்வளவு சுலபமாகத் தடுக்கக்கூடியது வேறு அதிகம் இல்லை.

எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே. பிறகு எப்படி இது இருக்க முடியும்?

அதிகமாக வரும் கேள்வி இது. கேட்பவர் பொய் சொல்வதில்லை, பரிசோதனையும் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. இந்த நோயின் குணமே அப்படி.

கிருமி உள்ளே நுழைந்து சராசரியாக மூன்று வாரத்தில், நுழைந்த இடத்தில் ஒரு புண் வரும். அது வலிக்காது. ஆணுக்கு வந்தால் கண்ணில் படலாம். பெண்ணுக்கோ யோனியின் உட்புறத்திலோ கருப்பை வாயிலோ வந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்? மருந்தே போடாமல் மூன்று முதல் ஆறு வாரத்தில் அது தானாக ஆறிவிடும். ஆறியது புண் மட்டும்தான், கிருமி ரத்தத்தில் கலந்திருக்கும்.

அப்புறம் சில வாரங்களிலோ மாதங்களிலோ உடம்பில் தடிப்புகள் வரலாம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வருவது இதன் தனி அடையாளம். பெரும்பாலும் அரிப்பு இருக்காது. லேசான காய்ச்சல், தொண்டை வலி, நெறி கட்டுதல் இருக்கலாம். ஏதோ ஒவ்வாமை, ஏதோ காய்ச்சல் என்று நினைத்து நாள்கள் போய்விடும். இதுவும் தானாக அடங்கிவிடும்.

அதன் பிறகு மறைநிலை. வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது, வருடக்கணக்கில் இப்படியே போகும். இந்தக் காலத்திலும் கர்ப்பம் தரித்தால் குழந்தைக்குக் கிருமி போக முடியும். கர்ப்பிணிகளில் கண்டுபிடிக்கப்படும் சிபிலிஸ் பெரும்பாலும் இந்த மறைநிலையில்தான் இருக்கும். அதனால்தான் அறிகுறியைக் கேட்டு யாருக்குப் பரிசோதனை என்று தேர்ந்தெடுப்பதில்லை, கர்ப்பிணிகள் எல்லோருக்கும் செய்கிறார்கள். அந்தப் பட்டியலில் இந்த வரி இருப்பது உங்கள் மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை.

குழந்தைக்கு எந்த மாதத்தில் போகும்? எவ்வளவு ஆபத்து?

கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களிலிருந்தே போகலாம், மாதம் ஏற ஏற வாய்ப்பும் ஏறும். ஆனால் மாதத்தைவிடத் தாயின் நோய் எவ்வளவு புதியது என்பதுதான் முக்கியம். புதிய தொற்றில் ரத்தத்தில் கிருமி அதிகம். சிகிச்சை எடுக்காத தாய்க்கு புண், தடிப்பு என்ற முதல் இரண்டு கட்டங்களில் ஒன்று இருந்தால், பாதிக்கும் மேற்பட்ட கர்ப்பங்களில் குழந்தைக்குப் போய்விடும். நோய் வந்து பல வருடங்கள் ஆகி மறைநிலையில் இருந்தால் வாய்ப்பு நன்றாகக் குறைந்து, பத்தில் ஒன்று அளவுக்கு வந்துவிடும். குறையும், ஆனால் பூஜ்யம் ஆகாது. கர்ப்பமாக இருக்கும்போதே புதிதாகத் தொற்றினால் அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

குழந்தைக்கு என்ன ஆகும்?

இதை மெதுவாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. கருச்சிதைவு ஆகலாம். குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறக்கலாம். உடல் முழுதும் நீர் கோத்துப் பிறக்கலாம். குறைமாதத்தில், எடை குறைந்து பிறக்கலாம். பிறந்த சில நாள்களில் இறந்தும் போகலாம். 2022-ல் உலகம் முழுவதும் சுமார் 11 லட்சம் கர்ப்பிணிகளுக்கு சிபிலிஸ் இருந்ததாகவும், அதனால் 3,90,000-க்கும் மேற்பட்ட கர்ப்பங்கள் இப்படிப் பாதிக்கப்பட்டதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

உயிரோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் பிறந்த அன்று பார்ப்பதற்கு நன்றாகவே இருப்பார்கள். சில வாரங்களில், பொதுவாக மூன்று மாதத்துக்குள், அறிகுறிகள் தலைகாட்டும். ஓயாத மூக்கொழுகல் வரும், அதில் ரத்தமும் கலந்திருக்கலாம். உள்ளங்கை உள்ளங்காலில் தடிப்பு, கொப்புளம், தோல் உரிதல் வரலாம். கல்லீரலும் மண்ணீரலும் வீங்கி வயிறு உப்பலாம். மஞ்சள் காமாலை, ரத்தசோகை, தட்டணுக்கள் குறைதல் ஆகியவையும் உண்டு. எலும்பு வலியால் குழந்தை ஒரு கையை அசைக்காமலே வைத்திருக்கும். பார்ப்பவர்கள் பிரசவத்தில் கை சுளுக்கிவிட்டது என்றோ பக்கவாதம் என்றோ நினைப்பார்கள், உண்மையில் அசைத்தால் வலிக்கும் என்பதால் குழந்தை அதை அசைப்பதில்லை.

பரிசோதனை எப்போது? ஒருமுறை இல்லை என்று வந்தால் போதாதா?

கர்ப்பம் தெரிந்து முதன்முதலாக டாக்டரைப் பார்க்கும்போதே. அது மூன்றாம் மாதமாக இருந்தால் நல்லது, ஏழாம் மாதமாக இருந்தாலும் அன்றைக்கே.

ஒருமுறை போதாது என்பதற்குக் காரணங்கள் உண்டு. தொற்று மிகப் புதிதாக இருந்தால் கிருமியை எதிர்க்க உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இன்னும் உருவாகியிருக்காது, பரிசோதனை 'இல்லை' என்று காட்டும். பரிசோதனைக்குப் பிறகு தொற்றவும் வாய்ப்புண்டு. அதனால் 28-வது வாரத்தை ஒட்டி ஒருமுறையும், பிரசவத்தின்போது ஒருமுறையும் மறுபடி பார்ப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. உங்கள் இடத்தில் அப்படிச் செய்யவில்லை என்றால் நீங்களே கேட்கலாம். குழந்தை இறந்து பிறந்தால் அப்போதும் தாய்க்கு இந்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். அந்தத் துக்கத்தில் யாருக்கும் ஞாபகம் வராது, ஆனால் காரணம் இதுவாக இருந்தால் அடுத்த குழந்தையைக் காப்பாற்ற அதுதான் வழி.

இன்னொன்று. 'டெஸ்ட் எடுத்தாச்சு' என்பதும் 'ரிசல்ட் பார்த்தாச்சு' என்பதும் ஒன்றல்ல. ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, அடுத்த சந்திப்பை ஒரு மாதம் தள்ளிப்போட்டு, தாள் எங்கோ கோப்பில் தூங்கிவிடும். அந்த ஒரு மாதம் குழந்தையின் மாதம். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் இருபது நிமிடத்துக்குள் முடிவு சொல்லும் துரிதப் பரிசோதனைகள் இப்போது உண்டு. எச்.ஐ.வி.யையும் சிபிலிஸையும் ஒரே பட்டையில் பார்ப்பதும் உண்டு. அவற்றின் பெரிய நன்மை, முடிவு வந்த அன்றே ஊசியைத் தொடங்கிவிடலாம் என்பதுதான்.

ரிப்போர்ட்டில் 1:8 என்று போட்டிருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் குழந்தை பிறந்த பிறகும் இதே கணக்குதான் வரும்.

பரிசோதனையில் இரண்டு குடும்பங்கள் உண்டு. வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். இரண்டும் ஒரு வகை. இவை கிருமியை நேரடியாகத் தேடுவதில்லை. கிருமி செய்யும் சேதத்துக்கு உடல் தரும் எதிர்வினையை அளக்கின்றன. டி.பி.எச்.ஏ., டி.பி.பி.ஏ. மற்றும் பெரும்பாலான துரிதப் பரிசோதனைகள் இன்னொரு வகை. இவை அந்தக் கிருமிக்கென்றே உருவான எதிர்ப்பொருளைத் தேடுகின்றன.

முதல் வகையில் ஒரு எண் கிடைக்கும், அதற்கு டைட்டர் என்று பெயர். ரத்தத்தின் தெளிந்த நீரை இரண்டு மடங்கு, நாலு மடங்கு, எட்டு மடங்கு, பதினாறு மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போய், கடைசியாக எந்த மடங்கு வரை எதிர்வினை தெரிகிறது என்று குறிப்பார்கள். எட்டு மடங்கு வரை தெரிந்தால் 1:8. எண் பெரிதாக இருந்தால் எதிர்வினை வலுவானது. 1:8 இருந்தது 1:16 ஆனால் அது ஒரு படி. பரிசோதனையிலேயே அந்த அளவு ஏறி இறங்கலாம், உடனே கலங்க வேண்டாம். 1:8 இருந்தது 1:32 ஆனால் இரண்டு படி, அதாவது நாலு மடங்கு, அதைக் கவனிக்க வேண்டும். அதேபோல 1:32 இருந்தது 1:8-க்கு இறங்கினால் மருந்து வேலை செய்கிறது. ஒப்பிடும்போது இரண்டு முறையும் ஒரே வகைப் பரிசோதனையாக, முடிந்தால் ஒரே லேபாக இருக்க வேண்டும். ஒரு தடவை வி.டி.ஆர்.எல்., இன்னொரு தடவை ஆர்.பி.ஆர். என்று எடுத்து எண்களைப் பக்கத்தில் வைத்தால் கணக்கு தப்பும்.

முதல் வகை சில நேரம் தவறாகவும் 'இருக்கிறது' என்று காட்டும். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களில், வேறு சில தொற்றுகளில், எப்போதாவது கர்ப்பத்தினாலேயே கூட அப்படி வரும். அதனால் இரண்டாவது வகையால் உறுதி செய்வார்கள். இரண்டாவது வகைக்கும் ஒரு குணம் உண்டு: ஒருமுறை நோய் வந்து முழுதாகக் குணமானவர்களுக்கும் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் 'இருக்கிறது' என்றே காட்டும். முன்பு சிகிச்சை எடுத்திருந்தால் அந்தத் தேதி, மருந்து, ஊசிகளின் எண்ணிக்கை, டைட்டர் எல்லாம் எழுதிய தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். அது இல்லையென்றால் டாக்டர் சிகிச்சையே நடக்காதது போல எண்ணி மறுபடி தொடங்குவார், கர்ப்பத்தில் அதுதான் சரியும்கூட.

சிகிச்சை என்ன? எத்தனை ஊசி?

பென்சாதின் பெனிசிலின், தசையில் போடும் ஊசி. ஒரு தடவைக்கு 24 லட்சம் யூனிட். அளவு பெரியது என்பதால் பிட்டத்தில் இரண்டு பக்கமும் பிரித்துப் போடுவது வழக்கம். வலிக்கும், மறைக்க விரும்பவில்லை. ஓரிரு நாள் இருக்கும்.

நோய் புதியது, ஒரு வருடத்துக்குள் வந்தது என்று தெரிந்தால் ஒரு தடவை. கர்ப்பிணிகளுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொன்று சேர்த்துப் போடும் டாக்டர்களும் உண்டு. எப்போது வந்தது என்றே தெரியாது, அல்லது வந்து வெகுகாலம் என்றால் வாரத்துக்கு ஒன்றாக மூன்று. பெரும்பாலான கர்ப்பிணிகள் இந்த மூன்று ஊசிக் கணக்கில்தான் வருவார்கள்.

இடைவெளி ஏழு நாள் என்றால் ஏழு நாள்தான். கர்ப்பிணிக்கு இரண்டு ஊசிகளுக்கு நடுவே ஒன்பது நாளுக்கு மேல் போய்விட்டால், முதலிலிருந்து மூன்றையும் போடச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதல். இரண்டு போட்டுவிட்டு 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று மூன்றாவதை விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறும். உடம்பு முதல் நாளே நன்றாகத்தான் இருந்தது. நோய் போய்விட்டதா என்பதை உடம்பு சொல்லாது.

பெனிசிலினை 1943 முதல் இந்த நோய்க்குப் பயன்படுத்துகிறார்கள். எண்பது வருடமாகியும் இந்தக் கிருமி அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. எத்தனையோ மருந்துகள் வேலை செய்யாமல் போய்விட்ட காலத்தில், இது பெரிய நிம்மதி. இந்த மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கும் சிகிச்சை தரும். ஒரே ஊசியில் இரண்டு பேருக்கு மருந்து.

ஊசி போட்ட அன்று காய்ச்சல் வந்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

பெரும்பாலும் அது ஒவ்வாமை இல்லை. கிருமிகள் ஒரேயடியாகச் சாகும்போது முதல் 24 மணி நேரத்தில் காய்ச்சல், நடுக்கம், தலைவலி, உடல்வலி வரலாம். தானாக அடங்கும். ஆனால் கர்ப்பிணிக்கு அதோடு வயிறு இறுகி இறுகி வலி எடுத்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத்திணறல், முகம் வீங்குதல், உடலெல்லாம் தடித்து அரித்தல் ஆகியவை வேறு விஷயம். அவை ஒவ்வாமையின் அடையாளம், பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே தெரியும். ஊசிக்குப் பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது அதற்காகத்தான்.

எனக்குப் பெனிசிலின் அலர்ஜி என்று சின்ன வயதில் சொன்னார்கள். வேறு மருந்து இல்லையா?

கர்ப்பிணி அல்லாதவர்களுக்கு மாற்று மருந்து உண்டு. கர்ப்பத்தில் பெனிசிலினுக்கு நிகராக நம்பக்கூடியது இல்லை. டாக்ஸிசைக்ளின் கர்ப்பத்தில் கூடாது. எரித்ரோமைசினும் அசித்ரோமைசினும் தாயின் உடலில் வேலை செய்தாலும் நஞ்சுக்கொடியைப் போதிய அளவு தாண்டாது, குழந்தை சிகிச்சையில்லாமல் நின்றுவிடும்.

முதலில் அலர்ஜி உண்மைதானா என்று பார்க்க வேண்டும். 'அலர்ஜி' என்று சின்ன வயதில் முத்திரை விழுந்த பலருக்குச் சோதித்துப் பார்த்தால் இப்போது ஒன்றும் இருக்காது. உண்மையிலேயே இருந்தால், மருத்துவமனையில் வைத்து மிக மிகச் சிறிய அளவில் தொடங்கி, சில மணி நேரத்தில் படிப்படியாக அளவை ஏற்றி, உடலைப் பழக்கிவிட்டு அதன் பிறகு முழு ஊசி போடும் முறை உண்டு. கேட்க பயமாக இருக்கும், கண்காணிப்பில் செய்யும்போது பாதுகாப்பானது.

கணவரிடம் எப்படிச் சொல்வது?

மருத்துவத்தைவிட இதுதான் கடினம் என்று எனக்குத் தெரியும். சில பெண்கள் சொல்லப் பயந்தே சிகிச்சைக்கு வராமல் போகிறார்கள்.

ரத்தப் பரிசோதனை நோய் இருப்பதைச் சொல்லும். யார் யாருக்குக் கொடுத்தது, எந்த வருடம் வந்தது என்று சொல்லாது. மறைநிலை வருடக்கணக்கில் நீளும் என்பதால், கல்யாணத்துக்கு முன்பே இருவரில் ஒருவருக்கு வந்து தெரியாமலே இருந்திருக்கலாம். ஆகவே அந்தத் தாளை ஒரு குற்றப்பத்திரிகையாக யாரும் படிக்கக் கூடாது. படிக்கவும் முடியாது, அதில் அந்தத் தகவலே இல்லை.

கணவருக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் கட்டாயம். அவருக்குச் செய்யாவிட்டால், மூன்று ஊசி போட்டு குணமான மனைவிக்கு மறுபடி தொற்றும். ஒருமுறை வந்து போனால் மறுபடி வராது என்ற பாதுகாப்பு இந்த நோயில் கிடையாது. இருவரும் சிகிச்சை முடித்து ஏழு நாளாவது ஆகும் வரை உடலுறவு வேண்டாம். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால், அவரை அழைத்து வந்து டாக்டரையோ நர்ஸையோ சொல்ல வைக்கலாம். சொன்னால் வீட்டில் அடி விழும் என்ற நிலை இருந்தால் அதை முதலிலேயே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் பாதுகாப்பையும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும்.

கணவர்கள் யாராவது இதைப் படித்தால்: பிள்ளைக்காக நீங்கள் இப்போது செய்யக்கூடிய பெரிய காரியம், சண்டை போடாமல் கையை நீட்டி ரத்தம் கொடுப்பது.

எட்டாம் மாதத்தில்தான் தெரிந்தது. இனி ஊசி போட்டு என்ன பயன்?

பயன் இருக்கிறது, இன்றைக்கே போட வேண்டும். பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாளுக்கு முன் சிகிச்சை தொடங்கியிருந்தால்தான் குழந்தைக்குப் போதிய காலம் கிடைத்தது என்று கணக்கு. அந்த 30 நாளுக்குள் குழந்தை பிறந்துவிட்டால் தாய்க்குப் போட்ட ஊசி வீணாகாது. ஆனால் குழந்தைக்கு முழுப் பரிசோதனையும் தனிச் சிகிச்சையும் தேவைப்படும். ஊசி தாமதமாகிவிட்டது என்று போடாமல் விடுவது மட்டும்தான் தவறு.

பிரசவத்துக்குள் டைட்டர் நாலு மடங்கு இறங்கவில்லையே என்றும் சிலர் கவலைப்படுவார்கள். அது இறங்கப் பல மாதங்கள் ஆகும். இறங்காதது சிகிச்சை தோற்றதாக ஆகாது, ஏறாமல் இருக்கிறதா என்பதுதான் அப்போதைக்குக் கேள்வி.

சிசேரியன் செய்தால் குழந்தை தப்பிக்குமா?

தப்பிக்காது. தொற்று பெரும்பாலும் பிரசவத்துக்கு முன்பே நஞ்சுக்கொடி வழியாகப் போயிருக்கும். சிபிலிஸுக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை.

குழந்தை பிறந்ததும் என்னென்ன பார்ப்பார்கள்?

தலை முதல் கால் வரை நிதானமாகப் பரிசோதிப்பார்கள். நஞ்சுக்கொடியையும் பார்க்க வேண்டும். இந்த நோயில் அது பெருத்து, வெளிறி இருக்கும். குழந்தையின் ரத்தத்தில் வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். டைட்டர் எடுப்பார்கள். தொப்புள்கொடி ரத்தத்தில் தாயின் ரத்தம் கலந்துவிடும் என்பதால் அதை நம்பக் கூடாது, குழந்தையிடமிருந்தே எடுக்க வேண்டும்.

இங்கேதான் அந்தப் படிக் கணக்கு மறுபடி வருகிறது. தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். எனவே நோயே இல்லாத குழந்தைக்கும் 'ரியாக்டிவ்' வரும். அதனால் இருவரின் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். தாய்க்கு 1:4, குழந்தைக்கு 1:16 என்றால், தாய் கொடுத்ததைவிட நாலு மடங்கு அதிகம். குழந்தை தானே உருவாக்கியிருக்கிறது, நோய் இருக்க வாய்ப்பு மிக அதிகம். மறுபக்கம், குழந்தையின் எண் தாயைவிடக் குறைவு என்பதால் மட்டும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த இடத்தில் தாயின் சிகிச்சை விவரம்தான் முடிவைத் தீர்மானிக்கும். என்ன மருந்து, எத்தனை ஊசி, எந்தத் தேதி என்று எழுதிய அந்தத் தாள் பிரசவ அறைக்கு வர வேண்டும் என்று நான் மறுபடி மறுபடி சொல்வது இதனால்தான்.

தாய்க்குச் சரியான சிகிச்சை நடக்கவில்லை, அல்லது குழந்தையிடம் அறிகுறி இருக்கிறது என்றால் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, கை கால் எலும்புகளின் எக்ஸ்ரே, முதுகுத் தண்டு நீர் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். முதுகிலிருந்து நீர் எடுப்பது என்றதும் பெற்றோர் நடுங்குவார்கள். கிருமி மூளைக்குப் போயிருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. ஊசி நுழையும் இடம் தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே. பழகிய கை சில நிமிடத்தில் செய்துவிடும்.

குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, எடையும் சரி. எதற்குப் பத்து நாள் மருத்துவமனை?

நோய் இருக்கிறது, அல்லது இருக்க வாய்ப்பு வலுவாக இருக்கிறது என்று முடிவானால், பெனிசிலினைப் பத்து நாள் கொடுக்க வேண்டும். எடையில் ஒரு கிலோவுக்கு 50,000 யூனிட் வீதம் நரம்பு வழியாக, முதல் ஏழு நாள் வயதுவரை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. அல்லது புரோகெய்ன் பெனிசிலின் தினம் ஒரு ஊசி. நடுவில் ஒரு நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி முதல் நாள். ஐந்தாம் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகத் தோன்றும், தெரியும். பிரசவித்த உடம்பு, தூக்கமில்லை, வீட்டில் கேள்வி கேட்கிறார்கள். இருந்தாலும் போகாதீர்கள். பார்க்க நன்றாக இருக்கும் இந்த நாள்களில் கொடுக்கும் மருந்துதான் பின்னால் கண்ணையும் காதையும் காப்பாற்றுகிறது.

தாய்க்குச் சரியான நேரத்தில் முழு சிகிச்சை நடந்து, குழந்தையிடமும் ஒன்றும் தெரியவில்லை என்றால் இவ்வளவு வேண்டாம். ஒரே ஒரு ஊசியோ, கவனமான கண்காணிப்போ போதும்.

தாய்ப்பால் கொடுக்கலாமா? தூக்கிக் கொஞ்சலாமா?

கொடுக்கலாம். பால் வழியாக சிபிலிஸ் பரவாது. மார்பகத்தில் சிபிலிஸ் புண் இருந்தால் மட்டும், அது குணமாகும்வரை அந்தப் பக்கத்தில் கொடுக்கக் கூடாது. குழந்தையைத் தூக்கலாம், அணைக்கலாம். குழந்தைக்கு மூக்கொழுகலோ ஈரமான புண்ணோ இருந்தால், சிகிச்சை தொடங்கி 24 மணி நேரம் ஆகும்வரை தொடுபவர்கள் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், அந்த நீரில்தான் கிருமி இருக்கும். பாத்திரம், துணி, கழிப்பறை வழியாக வீட்டில் மற்றவர்களுக்கு வருமோ என்ற பயம் வேண்டாம்.

வீட்டுக்குப் போன பிறகு?

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழந்தையின் டைட்டரைப் பார்க்க வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் மட்டும்தான் என்றால் மூன்று மாதத்தில் இறங்கத் தொடங்கி ஆறு மாதத்தில் மறைந்துவிடும். மறையவில்லை, அல்லது ஏறுகிறது என்றால் மறுபடி முழுப் பரிசோதனை. டி.பி.எச்.ஏ. போன்ற இரண்டாம் வகை, தாயிடமிருந்து வந்ததாலேயே 15 முதல் 18 மாதம் வரை 'இருக்கிறது' என்று காட்டலாம், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். தடுப்பூசிக்குப் போகும் நாள்களோடு இந்தச் சந்திப்புகளையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது.

கவனிக்காமல் விட்டால் பிற்காலத்தில் என்ன ஆகும்?

இரண்டு வயதுக்குப் பிறகு வருவதைப் பிந்திய பிறவி சிபிலிஸ் என்பார்கள். நிரந்தரப் பற்கள் முளைக்கும்போது மேல் முன்பற்கள் குறுகி, நுனியில் பிறை போல வெட்டுப்பட்டிருக்கும். கருவிழியை மூடியிருக்கும் தெளிந்த படலம் அழற்சியால் மங்கும். காது கேட்காமல் போகும். இந்த மூன்றையும் சேர்த்து ஹட்சின்சன் முக்கூறு என்கிறார்கள், 19-ம் நூற்றாண்டில் இவற்றைக் கவனித்துச் சொன்ன ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சனின் பெயரால். மூக்குத்தண்டு உள்ளே அமுங்குவதும், முழங்காலுக்குக் கீழே எலும்பு வாள் போல வளைவதும் உண்டு. அப்போது மருந்து கொடுத்தால் கிருமி போகும், வளைந்த எலும்பும் கேட்காத காதும் பழையபடி ஆகாது.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

சிகிச்சை முழுதாக முடிந்து, மறுபடி தொற்றாமல் இருந்தால் வராது. தயங்காமல் பெற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு கர்ப்பத்திலும் புதிதாகப் பரிசோதனை வேண்டும், போன தடவை 'இல்லை' என்று வந்தவர்களுக்கும்கூட.

இந்த நோயை ஒழித்த நாடு ஏதாவது உண்டா?

உண்டு. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் முதலில் சான்று கொடுத்தது கியூபாவுக்கு, 2015-ல். அடுத்த வருடம் தாய்லாந்து, 2018-ல் மலேசியா, 2019-ல் இலங்கை. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளில் பிறவி சிபிலிஸ் 50-க்கு மேல் போகக் கூடாது என்பது சிபிலிஸுக்கான அளவுகோல். இவை எல்லாம் பணக்கார நாடுகள் அல்ல. பணம் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்கா சாட்சி: அங்கே 2022-ல் 3,700-க்கும் அதிகமான குழந்தைகளுக்கு இது வந்தது, பத்து வருடத்துக்கு முன்பு இருந்ததைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். அவற்றில் பத்துக்கு ஒன்பது, நேரத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் கிடைத்திருந்தால் தடுத்திருக்கக் கூடியவை என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொன்னது.

சரி, அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது நான் என்ன கேட்க வேண்டும்?

என் சிபிலிஸ் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா, அதை நீங்கள் பார்த்தீர்களா என்று கேளுங்கள். 'இல்லை' என்றால், மறுபடி எந்த வாரத்தில் எடுக்கப் போகிறோம் என்று கேளுங்கள். 'இருக்கிறது' என்றால் டைட்டர் எவ்வளவு, முதல் ஊசியை இன்றே போட முடியுமா, அடுத்தவை எந்தத் தேதிகளில், கணவரை எப்போது அழைத்து வரலாம் என்று கேட்டு, எல்லாவற்றையும் உங்கள் கர்ப்பகால அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் அட்டையை நீட்டி அந்த வரியின் மேல் விரலை வையுங்கள், அவர்களுக்குப் புரிந்துவிடும்.